அடைக்கலமும் தண்டனையும்

கணவன் கொலையுண்டு கிடந்த நிலையில் கண்ணகி மதுரை மாநகரை நோக்கி மூன்று வினாக்களை எழுப்புகின்றாள். இவ்வூரில் பெண்டிர் உளரோ, சான்றோர் உளரோ, தெய்வம் உளதோ என்பன அவை. சிலப்பதிகாரம் பயிற்றுவோர் முதல் வினாவையும் மூன்றாம் வினாவையும் விரித்துரைப்பர். நடுவில் நிற்கும் வினாவை விரைந்து கடந்துவிடுவர். ஆனால் இளங்கோவடிகள் அவ்விடத்தில் சான்றோர்க்குத் தரும் இலக்கணம் கருதத்தக்கது. கல்வியாலோ பதவியாலோ உயர்ந்தோரை அவர் சுட்டவில்லை. பெற்ற பிள்ளையைப் பேணி வளர்ப்போரே அங்குச் சான்றோர். பிள்ளை வளர்க்கும் எளிய குடிமக்கள் வாழும் ஊரில் இத்தகைய கொலை எங்ஙனம் நிகழ்ந்தது என்பதே கண்ணகியின் வினா.

கோவலன் புகாரிலிருந்து வந்தவன். மதுரையில் அவனை அறிந்தார் இலர். அவன்மீது குற்றஞ் சாட்டியவனோ அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்தவன். மன்னன் ஆராயவில்லை, காவலரை ஏவினான். வந்த காவலர் கோவலனைக் கண்டதும் தயங்கினர். இவன் கொலைக்குரிய கள்வனாகத் தோன்றவில்லையே என்றனர். அப்போது பொற்கொல்லன் களவு நூல் பேசத் தொடங்குகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று அடுக்குகின்றான். கள்வனாகத் தோன்றாமை அவன் வாயில் கள்வனின் திறமையாகிவிடுகின்றது. தோற்றம் நல்லதாயினும் குற்றம், தீயதாயினும் குற்றம். இத்தகைய வாதத்திற்கு விடையே இல்லை. தெளிந்தோர் இன்னும் தயங்கி நிற்க, கள்ளுண்டு களித்த கல்லாதான் ஒருவன் வாளை வீசினான்.

இக்காட்சி பழங்கதையென்று ஒதுக்கத்தக்கதன்று. அமெரிக்காவின் ஆல்பனி நகரில் 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் இருவர் கைது செய்யப்பட்டனர். ஒருவர் ஈராக்கிலிருந்து அடைக்கலம் தேடி வந்த குர்து இனத்தவரான இமாம் யாசின் ஆரிஃப். மற்றவர் வங்கதேசத்திலிருந்து வந்து பீட்சாக் கடை நடத்திய முகமது உசைன். தாமாக ஒரு சதியைத் தீட்டினார் என்பதன்று அவர்கள்மீது வந்த வழக்கு. அரசின் புலனாய்வுத் துறை அனுப்பிய உளவாள் ஒருவர் கடைக்காரர்க்குக் கடன்தர முன்வந்தார். அப்பணம் ஏவுகணை விற்ற பணம் என்று பேச்சினிடையே உணர்த்தினார். கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சியாக நிற்க இமாம் அழைக்கப்பட்டார். ஏவுகணையும் சதியும் புலனாய்வாளர் புனைந்தவை. அந்த உளவாளோ தாமே ஒரு மோசடி வழக்கில் சிக்கித் தண்டனைக் குறைப்பை நாடி நின்றவர். பொற்கொல்லனை அறிந்த தமிழர்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. 2007இல் இருவர்க்கும் பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதன்பின் அந்நகரில் முஸ்லிம்களும் பிற சமயத்தவரும் ஒன்றுகூடிக் குழு அமைத்தனர். சிறைப்பட்டோர் குடும்பங்களுக்குத் துணைநின்றனர். அவர்களுள் பலர் அவ்விருவரையும் முன்பின் அறியாதவர்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், காவலர் உள்ளிட்ட பலரும் குண்டுவெடிப்பில் மாண்டனர். கொடுஞ்செயல் அது. ஏவுகணை போலப் புனையப்பட்டதன்று. குருதி சிந்திய உண்மை. ஆதலால் ஆல்பனி வழக்கையும் இதனையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. ஒத்திருப்பது வேறொன்று: அயலாராய் வந்தோர்மீது அச்சம் சூழ்ந்த காலத்தில் நடந்த விசாரணையின் இயல்பு.

வழக்கு தடாச் சட்டத்தின்கீழ் நடந்தது. பொதுச் சட்டப்படி காவல் அதிகாரியிடம் தரப்படும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவோ கண்காணிப்பாளர் நிலையிலுள்ள காவல் அதிகாரி பதிந்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. நீதிமன்றக் கதவுகள் மூடியிருக்க விசாரணை நடந்தது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழியும் இல்லை. 1998 சனவரி 28 அன்று பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றம் இருபத்தாறு பேர்க்கும் தூக்குத் தண்டனை விதித்தது. ஈழத்தவரும் தமிழகத்தவரும் அதில் அடங்குவர். ஒருவர் எஞ்சாமல் அனைவர்க்கும் தூக்கு என்பது நாட்டையே திகைக்கவைத்தது.

எஞ்சிய வழி உச்ச நீதிமன்றம் ஒன்றே. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், பணம் வேண்டும். இவ்வழக்கில் தண்டிக்கப்பட்டோர்க்கு வெளிப்படையாகப் பரிந்துபேசவே பலர் அஞ்சிய காலம் அது. அவர்தம் உயிர்காக்கக் குழு அமைத்து, ஊர்தோறும் மக்களிடம் நிதி திரட்டியவர் மதுரையில் பிறந்த பழ. நெடுமாறன். அவருடைய அரசியலை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஆனால் ஒரு செய்தியை இருசாராரும் மறத்தலாகாது. நெருக்கடிநிலைக் காலத்திற்குப் பின் இந்திரா காந்தி இம்மதுரைக்கு வந்தபோது தாக்குதலுக்கு ஆளானார். அன்று குறுக்கே நின்று அவரைக் காத்தவர் இந்த நெடுமாறனே. தாயின் உயிரைக் காத்தவர், மகனைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டோரின் வழக்கை நடத்தக் கையேந்தினார். இதனை முரண் என்பார் உளர். உயிர் என்பதன் மதிப்பை ஆள்பார்த்து அளவாமை என்று கொள்ளுதலே பொருத்தம்.

மூத்த வழக்கறிஞர் நடராசன் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். 1999 மே 11 அன்று தீர்ப்பு வந்தது. தடாச் சட்டக் குற்றம் இவ்வழக்கில் மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிபதிகள் கூறினர். ஆயினும் அச்சட்டத்தின்படி பெற்ற வாக்குமூலங்கள் செல்லும் என்றனர். பத்தொன்பது பேர் கொலைச்சதிக் குற்றத்தினின்றும் நீங்கி விடுதலைக்கு உரியராயினர். நால்வர்க்குத் தூக்கும் மூவர்க்கு வாழ்நாள் சிறையும் உறுதியாயின. ஊரார் தந்த சிறுதொகைகள் சேர்ந்திராவிடின் அந்தப் பத்தொன்பது பேரின் கதி யாதாயிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிலம்பின் உரைபெறு கட்டுரை மற்றொன்றையும் சொல்கின்றது. பாண்டியன் இறந்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்யப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்றானாம். பிழைத்தவன் ஒருவன், பலியானோர் ஆயிரவர். கோவலன் கொலைக்குக் கண்ணீர் விடுவோர் இந்த ஆயிரவரைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஒருவன் குற்றத்தை அவன் குலத்தின்மேலும் சமயத்தின்மேலும் ஏற்றும் வழக்கம் அத்துணைப் பழையது. 1991க்குப்பின் மதுரையைச் சூழ்ந்த ஆனையூர், உச்சபட்டி, திருவாதவூர் முகாம்களில் வாழ்ந்த ஈழ அகதிகள் அந்த ஐயப் பார்வையைச் சுமந்தனர். கொலையை அவர்கள் செய்தாரல்லர். கண்காணிப்பு அவர்கள்மீது இறுகியது. கோவைக் குண்டுவெடிப்பிற்குப்பின் முஸ்லிம் மக்கள் அதே சுமையைத் தாங்கினர். அவ்வழக்கில் 1998இல் கைதான அப்துல் நாசர் மதனி குற்றமற்றவர் என 2007இல் விடுவிக்கப்பட்டபோது ஒன்பது ஆண்டுகள் சிறையிலேயே கழிந்திருந்தன.

எழுவரில் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது பத்தொன்பது அகவையர். மின்கலம் இரண்டு வாங்கித் தந்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் வாக்குமூலத்தில் பதியவில்லை என்று, அதனைப் பதிந்த அதிகாரி தியாகராசனே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு தொடரை விட்டமையால் ஒருவர் தூக்குமேடை வரை சென்றார். பதிவேடும் பாட்டும் படிப்போர்க்கு விடுபட்ட தொடரின் அருமை தெரியும். ஏட்டில் அது பாடபேதம், இங்கோ உயிர். அவர்தம் தாய் அற்புதம் அம்மாள் முப்பதாண்டுக்கு மேலாகச் சிறைவாயிலுக்கும் நீதிமன்றத்திற்கும் அலுவலகங்களுக்குமாக நடந்தார். பெற்ற பிள்ளையைப் பேணி வளர்ப்போர் என்னும் இளங்கோவின் இலக்கணத்திற்கு வேறு உரை வேண்டுவதில்லை. எழுவருள் மற்றொருவரான இரவிச்சந்திரன் நெடுங்காலம் இருந்தது இந்நகரின் மத்திய சிறையில்தான். அதன் மதிலருகே நாள்தோறும் நடந்து சென்றோர் எத்தனையோ பேர்.

2011 செப்டம்பர் 9 அன்று மூவரைத் தூக்கிலிட நாள் குறிக்கப்பட்டது. மாணவரும் வழக்கறிஞரும் தெருவுக்கு வந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கருணை மனுவின்மீது முடிவெடுக்கப் பதினோராண்டு கடத்தியமையைச் சுட்டி, 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை வாழ்நாள் சிறையாக்கியது. 1999இல் தீர்ப்பளித்த அமர்வின் தலைவர் கே.டி. தாமசே, ஓய்வு பெற்றபின் இவர்களிடம் பெருந்தன்மை காட்டுமாறு 2017இல் சோனியா காந்திக்கு மடல் எழுதினார். 2022 மே 18 அன்று பேரறிவாளனும், நவம்பர் 11 அன்று ஏனைய அறுவரும் விடுதலை பெற்றனர்.

குண்டுவெடிப்பில் கணவனையும் மக்களையும் இழந்தோர் இவ்விடுதலையை ஏற்கவில்லை. அவர்தம் துயரைச் சிறிதென்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. தண்டிக்கப்பட்டோர்க்குத் துணைநிற்றல் மாண்டோரை மறத்தலன்று. ஆனால் துணைநிற்போர் மாண்டோரின் பெயரை மேடையில் சொல்லத் தயங்கிய கூட்டங்களும் இருந்தன. அது குறையே.

விடுதலையான அறுவருள் முருகன், சாந்தன், இராபர்ட் பயஸ், செயக்குமார் என்னும் நால்வரும் ஈழத்தவர். தமிழகத்தார் வீடு சென்றனர். இந்நால்வரோ சிறையினின்றும் நேரே திருச்சிராப்பள்ளிச் சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முகாம் என்பது பெயர், வெளியேற உரிமையில்லை. விடுதலைக்கு விழா எடுத்த ஊர்களில் இந்நால்வரைப் பற்றிய பேச்சு விரைவில் ஓய்ந்தது. மாதரியிடம் கண்ணகியை ஒப்படைத்தபோது கவுந்தியடிகள் அடைக்கலத்தின் அருமையை எத்துணை நீளமாக எடுத்துரைத்தார் என்பதை அவையோர் அறிவர். வந்தவளுக்குத் தாயும் நீயே ஆகித் தாங்கு என்பது அவ்வுரையில் வரும் வேண்டுகோள்.

சாந்தன் தம் தாயைக் காண யாழ்ப்பாணம் செல்ல விரும்பி வேண்டுகோள் விடுத்தவண்ணம் இருந்தார். இசைவு வந்த நேரத்தில் நோய் முற்றியிருந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். உடல் யாழ்ப்பாணம் சென்றது. எஞ்சிய மூவரும் அவ்வாண்டு ஏப்ரல் 3 அன்று கொழும்புக்கு வானூர்தி ஏறினர்.