எடுத்தனூர்க் கோவிவன்



சவ்வாது மலையின் சரிவுகளில் சாமையும் தினையும் விளைவித்து வாழ்பவர் மலையாளி மக்கள். டிராக்டர் ஏற இயலாத மேட்டு நிலங்களில் அவர்களுக்கு இன்றும் துணை ஏர்மாடுகளே. மேலை நாடுகளில் குதிரையை ஏரில் பூட்டினர். நம் நாட்டிலோ குதிரை அரசனுக்கும் ஐயனாருக்கும் உரியதாயிற்று. உழவனுக்கு எருதே உற்ற துணையாயிற்று.

ஏர்மாடு தனித்து வாழ்வதன்று. கன்றுப் பருவத்திலேயே இணை சேர்த்துப் பழக்குவர். வலப்பக்கத்து மாடு என்றும் வலப்பக்கமே. இடப்பக்கத்து மாடு என்றும் இடப்பக்கமே. இரண்டும் ஒன்றன் நடையை மற்றொன்று அறிந்து அடியெடுத்து வைக்கும். உழுபவன் குரல் கொடுக்கும் முன்னரே வரப்பின் முனையில் திரும்பும். அவ்விணையில் ஒன்று இறந்துபடின் உழவன் இழப்பது பாதி ஏர் அன்று, முழு ஏரும் ஆம். எஞ்சிய மாடு புதிய மாட்டோடு எளிதில் நடவாது. விதைப்புக் காலம் அதற்காகக் காத்திருப்பதும் இல்லை. முற்காலத்தில் வெக்கை நோய் வந்தால் தொழுவம் முழுவதும் ஒருசேர வெறுமையாகும். அந்நோய் உலகினின்றே ஒழிந்தது என 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. உழவர் குலத்திற்கு அதனினும் பெரிய நற்செய்தி அரிது.

மாடு இறந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. பெண்டிர் வாய்விட்டு அழுவர். அது கண்டு, "ஒரு விலங்குக்காகவா இவ்வளவு அழுகை?" என்று நகைப்பாரும் உளர். நூல் கற்றவராகத் தம்மைக் கருதுவோரிடமே இந்நகை மிகுதி. அவர்கள் சேக்கிழார் பெருமானை ஒருமுறை நினைத்தல் நன்று. காவிரிக் கரைச் சாத்தனூரில் ஆநிரை மேய்த்த மூலன் என்னும் ஆயன் உயிர் நீத்தபோது, பசுக்கள் அவன் உடலைச் சுற்றி நின்று மோந்து கதறிய காட்சியைப் பெரியபுராணம் காட்டுகின்றது. அத்துயரைப் பொறாமல்தான் வழிச்சென்ற சிவயோகியார் அவன் உடலிற் புகுந்து திருமூலர் ஆயினார். (செங்கத்தை அடுத்து அணை அமைந்த சாத்தனூர் வேறு, இது திருவாவடுதுறையை அடுத்தது.) மனிதனுக்காக விலங்கு அழுதது தெய்வக் கதையாயின், விலங்குக்காக மனிதன் அழுவது எங்ஙனம் இழுக்காகும்?

இதற்கு விடை கூறும் கல் ஒன்று சவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்திலேயே கிடைத்துள்ளது. மலையில் தோன்றும் செய்யாறு பாயும் அந்நாட்டில் ஆநிரையே செல்வம். நிரை கவர்தலும் மீட்டலும் ஓயாத பூசல்கள். பூசலில் பட்டவர்க்கு நட்ட கற்கள் அங்கே மிகப் பல. மக்கள் அத்தகைய கற்களை வேடியப்பன் என்று வணங்கிப் பொங்கலிட்டு வருகின்றனர். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமி அவர்கள் இயக்குநராக இருந்த காலத்தில் இக்கற்களைத் தேடிப் படித்து, 1972ஆம் ஆண்டில் நூலாகவே வெளியிட்டது.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்டது. சீயமங்கலத்தில் சிவபெருமானுக்குக் குன்றைக் குடைந்து கோயில் எடுத்த அதே மன்னன் காலம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்க நின்று உயிர் துறந்தான். கல்லில் அவன் உருவத்தோடு நாய் ஒன்றின் உருவமும் உண்டு. அந்நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் 'காத்திருந்தவாறு' என்று எழுத்து முடிகின்றது.

இச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நாய் இறந்தது என்று கல் வெளிப்படையாகக் கூறவில்லை. காத்திருந்தது என்கின்றது. காவல் செய்தது என்பதே நேர்பொருள். எனினும் தமிழில் காத்திருத்தல் என்பது ஒருவர் வரவை நோக்கி இருத்தலும் ஆகும். எழாத தலைவனின் அருகே நின்ற நாயின் நிலைக்கு இவ்விரு பொருளும் பொருந்துகின்றன. கோவிவன் தன் தலைவனோடு ஒரே கல்லில் பெயரும் உருவும் பெற்றது. எருமை மேய்த்த ஓர் ஊரார் ஒரு நாயின் பெயர் மறக்கலாகாது என்று எண்ணினர். உளி கொண்டு செதுக்க எத்துணை நேரமாகும் என்பதையும் பொருட்படுத்தவில்லை.

விழுப்புரம் பகுதியில் அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் போரிட்ட சேவல்களுக்கே கல் உண்டு. இந்தளூர்ச் சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயர்.

இவ்வுணர்வு தமிழ்நாட்டு எல்லையோடு நின்றதும் அன்று. இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலம், சலநாதேசுவரர் எழுந்தருளிய பாடல்பெற்ற தலம் என்பதை அன்பர்கள் அறிவர். அங்கே 949ஆம் ஆண்டில் நடந்த பெரும்போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்தான். வென்ற பக்கத்தில் நின்ற கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனின் ஆண்மை கண்டு மகிழ்ந்து, வேண்டுவது கேள் என்றான். பொன்னும் ஊரும் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது காளி என்னும் வேட்டை நாய்.

பின்னர் ஒருநாள் காளி பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு பொருதது. பன்றியும் மாண்டது, காளியும் மாண்டது. மணலேரன் மைசூர்ச் சீமையின் ஆதகூரில், சிவன் கோயிலின் முன்னே அதற்குக் கல் நாட்டினான். வழிபாட்டுக்கு நிலமும் விட்டான். பன்றியும் நாயும் பொரும் உருவத்தோடு அக்கல் இன்றும் பெங்களூரு அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்நிலத்தைக் காக்கும் அடியவர் காளியின் கல்லைப் பூசித்த பின்னரே உணவு கொள்ளல் வேண்டும் என்றும், தவறினால் அந்நாய் செய்த பாவம் அவரைச் சாரும் என்றும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது.