எண்ணெய்ப் போத்தலை மாற்றினால் போதுமா?



சுங்கை வேயில் ஷிப்டு மாறும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். 1970களில் உருவான சுதந்திர வாணிப வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். எட்டு மணி நேரம் நின்ற கால்கள். வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். வழியில் ஒரு கடையில் நான்கு காரிபாப், இரண்டு வடை, கொஞ்சம் பீசாங் கோரேங். அடுத்த கடையில் சமையல் எண்ணெய். அங்கேதான் பேச்சு தொடங்கும்.

"அக்கா, இந்த எண்ணெய் நல்லதில்லையாமே? மார்புல புத்துநோய் வருமாம். சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிடுங்க."

"எங்க மாமியார் நல்லெண்ணெய்தான் ஊத்தச் சொல்றாங்க. சம்பளத்துக்கு எது கட்டுப்படியாகும், அதைச் சொல்லு!"

இந்தப் பேச்சைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. மலேசியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2007 முதல் 2011 வரையிலான கணக்குப்படி, வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு சீனப் பெண்களில் 22 பேரில் ஒருவருக்கு, இந்தியப் பெண்களில் 24 பேரில் ஒருவருக்கு, மலாய்ப் பெண்களில் 35 பேரில் ஒருவருக்கு. நம் பெண்கள் பட்டியலின் கடைசியில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

சரி, கொழுப்புக்கும் இந்நோய்க்கும் முடிச்சுப் போட்டது யார்? இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. கனடாவின் கே.கே. கரோல் என்ற அறிஞரும் எச்.டி. கோர் என்ற ஆய்வாளரும் 1975ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். எந்த நாட்டில் மக்கள் அதிகம் கொழுப்பு உண்கிறார்களோ, அந்த நாட்டில் மார்பகப் புற்றுநோய் மரணமும் அதிகம் என்று அவர்களின் வரைபடம் காட்டியது. ஒரு முனையில் ஜப்பானும் தாய்லாந்தும், மறு முனையில் டென்மார்க், நெதர்லாந்து போன்ற நாடுகள். அந்தக் கோர், பின்னர் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் பணியாற்றியவர். சுங்கை வேயிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் அந்தப் பல்கலைக்கழகம்.

படம் அழகான படம்தான். ஆனால் கொழுப்பு அதிகம் உண்ணும் நாடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிகளும் அதிகம். அதற்காகத் தொலைக்காட்சி பார்த்தால் புற்றுநோய் வரும் என்று சொல்லிவிட முடியுமா? (இந்த நிகழ்ச்சியை யார் பார்ப்பார்கள்!) பணக்கார நாட்டுப் பெண்கள் குறைவாகப் பிள்ளை பெறுகிறார்கள், தாமதமாகப் பெறுகிறார்கள், மது அருந்துவதும் அதிகம். குற்றவாளி கொழுப்புதானா, கூட வந்தவர்களா என்பதை அந்தப் படத்தை வைத்துத் தீர்மானிக்க இயலாது.

அடுத்து எலிகள் வந்தன. 1989ல் கல்யாண சுந்தரம், கோர், ஓங், பத்மநாதன் ஆகியோர் இங்கு நடத்திய ஆய்வு வெளியானது. பெண் எலிகளுக்கு முதலில் புற்றுநோயைத் தூண்டும் இரசாயனம் தரப்பட்டது. பின்னர் ஐந்து மாதங்கள் உணவில் 20 விழுக்காடு எண்ணெய். சில எலிகளுக்குச் சோள எண்ணெய், சிலவற்றுக்குச் சோயா எண்ணெய், மற்றவற்றுக்குச் செம்பனை எண்ணெய். சோள எண்ணெயும் சோயா எண்ணெயும் உண்ட எலிகளுக்கே கட்டிகள் கூடுதலாக இருந்தன. கடையில் 'ஆரோக்கியம்' என்று எழுதி விற்கும் எண்ணெயை உண்ட எலிக்குக் கட்டி அதிகம், நாம் பயந்த எண்ணெயை உண்டதற்குக் குறைவு!

காரணம் என்ன? எண்ணெய்கள் எல்லாம் ஒன்றல்ல. செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி பூரிதக் கொழுப்பு, 40 விழுக்காடு அளவுக்கு ஒலியிக் அமிலம், 10 விழுக்காடு லினோலியிக் அமிலம். சோள எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலியிக் அமிலமே. இதுதான் ஒமேகா-6 வகை. நம் உடல் இதிலிருந்து அழற்சியைத் தூண்டும் சில பொருள்களை உண்டாக்கிக்கொள்ள முடியும். மீனில் உள்ள ஒமேகா-3 வகை அந்த வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. தேங்காய் எண்ணெய் வேறு சாதி: அதில் பத்தில் ஒன்பது பங்கு பூரிதக் கொழுப்பு. நல்லெண்ணெயில் ஒலியிக்கும் லினோலியிக்கும் ஏறக்குறைய சரிபாதி.

ஆனால் எலி எலிதான், மனிதர் மனிதர்தான். மேலும், செம்பனையால் வாழும் நாட்டில் செம்பனை எண்ணெய்க்குச் சாதகமான முடிவு வந்தால் இரண்டு முறை யோசிப்பது தவறில்லை. நல்ல வேளையாக நம் ஆய்வாளர்களே மனிதர்களிடமும் சோதித்துப் பார்த்தார்கள். செம்பனையில் டோகோட்ரைனோல் என்ற வைட்டமின் ஈ வகை உண்டு. ஆய்வுக்கூடத்தில் அது மார்பகப் புற்று அணுக்களின் வளர்ச்சியைத் தடுப்பதை டாக்டர் கலாநிதி நேசரத்தினம் குழுவினர் 1990களில் காட்டினார்கள். பிறகு தொடக்கக் கட்ட நோயுள்ள 240 பெண்களுக்கு, வழக்கமான தமோக்சிபென் மருந்துடன் ஐந்து ஆண்டுகள் இதையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010ல் முடிவு வெளியானது. பிழைத்திருந்தோர் விகிதத்தில், உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றாலும் அப்படியே எழுதினார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

இனி மனிதர்களிடம் கண்ட மற்ற முடிவுகள். பக்கத்துச் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்ட சீனப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003ல் வெளிவந்தது. மீனிலிருந்து ஒமேகா-3 மிகக் குறைவாகப் பெற்றவர்களைவிட மற்றவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய கால் பங்கு குறைவு. மீனை மிகக் குறைவாக உண்டு, ஒமேகா-6 கொழுப்பை அதிகம் உண்டவர்களுக்கு ஆபத்து கூடியது. கெம்போங் மீன் குழம்பு வைக்கும் வீடுகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஒமேகா-6 மட்டுமே குற்றவாளி என்று மற்ற மனித ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. ஐரோப்பாவில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பெண்களைக் கவனித்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், பூரிதக் கொழுப்பு அதிகம் உண்டவர்களுக்கு ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் ஓரளவு கூடுதலாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் 48,835 பெண்கள் பங்கேற்ற சோதனையில் ஒரு பகுதியினர் கொழுப்பைக் குறைத்தார்கள். 2006ல் வெளியான முடிவில் நோய் 9 விழுக்காடு குறைந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். ஏறக்குறைய 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதோ, இந்நோயால் ஏற்பட்ட மரணம் அவர்களிடையே குறைந்திருந்தது.

டிரான்ஸ் கொழுப்பு மட்டும் தனி. கெட்டியாக்கப்பட்ட எண்ணெயில் செய்த கேக், பிஸ்கட், வனஸ்பதியில் பொரித்த பலகாரம் இவற்றில் வருவது அது. இதயத்துக்குக் கேடு என்பதில் சந்தேகமே இல்லை. டென்மார்க் 2003ல் கட்டுப்படுத்தியது, சிங்கப்பூர் 2021ல் இத்தகைய எண்ணெயைத் தடைசெய்தது. மார்புக்காக இல்லாவிட்டாலும் இதயத்துக்காகவாவது இதை விட்டுவிடலாம்.

இப்போது கடையில் நிற்கும் அக்காவிடம் வருவோம். மானிய விலை பாக்கெட் எண்ணெயை வாங்குகிறார் என்பதற்காக அவர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. எண்ணெயின் பெயரைவிட அளவு முக்கியம். எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. போத்தலை மாற்றிவிட்டு அதே அளவு ஊற்றினால் கலோரி குறையாது. மாதவிடாய் நின்ற பிறகு, உடம்பில் சேரும் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை உற்பத்தி செய்கிறது. பல மார்பகக் கட்டிகளுக்குத் தீனி அந்த ஹார்மோன்தான். அந்த வயதில் உடல் பருமன் இந்நோயின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மதுவும் அப்படியே. தாய்ப்பால் கொடுப்பதும் உடற்பயிற்சியும் ஆபத்தைக் குறைக்கின்றன. 2019ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் பாதிப் பேர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களுக்கு. தீபாவளிப் பலகாரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, தினமும் பசியாறும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் கணக்கில் உண்டு.

இன்னொன்று. இந்நாட்டில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று 2012 முதல் 2016 வரையிலான பதிவேடு சொல்கிறது. எண்ணெயைப் பற்றி அரை மணி நேரம் பேசும் நாம், குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி ஆறு மாதம் பேசாமல் இருக்கிறோம். சொக்சோ 2013ல் தொடங்கிய இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் 40 வயதை எட்டிய பெண் சந்தாதாரர்களுக்கு மெமோகிராமும் சேர்க்கப்பட்டது. தொழிற்சாலைச் சம்பளச் சீட்டில் மாதாமாதம் சொக்சோவுக்குப் பிடித்தம் போகிறதே, அது யாருடைய பணம்? அந்த அக்காவின் பணம்தான்.