கால்வாய்க்கரையில் ஒரு சாட்சி



நாணலும் கோரையும் சம்பும் நட்ட சரளைப் படுகையில் சாக்கடை நீரை ஓடவிட்டால் நீரும் தெளியும், மின்சாரமும் வரும். இந்தச் செய்தியைக் கேட்டதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: எவ்வளவு கரண்ட் வரும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிகக் கொஞ்சம். புவனேஸ்வரத்தில் மத்திய அரசின் கனிமங்கள் மற்றும் பொருட்கள் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆசீஷ் குமார் யாதவும் அவர் குழுவினரும் மெத்திலீன் நீலச் சாயம் கலந்த நீரை இப்படி ஒரு படுகையில் விட்டுப் பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் உலகுக்கே முன்னோடி ஆய்வு அது. கிடைத்தது மின்முனையின் ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 15.73 மில்லிவாட். அந்தக் கணக்கில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரிய, பதினான்கு சென்ட் நிலம் முழுக்க மின்முனை பரப்ப வேண்டும். அதன் பிறகு வந்த ஆய்வுகள் அளவைக் கூட்டியிருக்கின்றன. ஆனாலும் நம் கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்தில் 1500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையத்தை வைத்துக்கொண்டு, ‘நாணலில் மின்சாரம்’ என்று உங்களிடம் நான் ஆசை காட்டமாட்டேன்.

பிறகு ஏன் இதைப் பேச வந்தேன்? அந்தச் சிறு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

படுகையின் அடியில், காற்றுப் புகாத சேற்றிலும் சரளையிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சாக்கடையிலுள்ள அழுக்குதான் அவற்றின் உணவு. தின்று செரிக்கும்போது எலக்ட்ரான்களை வெளியே தள்ளுகின்றன. அடியில் புதைத்த கிராஃபைட் அவற்றை வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியே மேலே ஏறி, வேர்களும் காற்றும் படும் இடத்திலுள்ள இன்னொரு மின்முனையில் ஆக்சிஜனோடு சேர்கின்றன. நுண்ணுயிர் மின்சாரம் தரும் என்பதை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாட்டர் என்ற தாவரவியலாளர் 1911லேயே கண்டு சொல்லிவிட்டார்.

ஆக, கம்பியில் ஓட்டம் இருந்தால் நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கின்றன, வேலை செய்கின்றன. இரவோடு இரவாக யாரோ படுகைக்கு வரும் சாக்கடையில் அமிலத்தையோ நஞ்சையோ திறந்துவிட்டால் அவை சுருண்டுவிடும், ஓட்டமும் விழுந்துவிடும். நமக்குக் கிடைக்கும் உண்மையான விளைச்சல் இதுதான், தோழர்களே. ஒரு சாட்சி! அதிகாரி வருவதற்குள் தண்ணீர் ஓடிவிடுகிறது என்று எத்தனை ஆண்டாகப் புலம்புகிறோம்! மழை அடித்தாலும் குளிர்ந்தாலும்கூட ஓட்டம் குறையும் என்பதால் இதை மட்டும் காட்டித் தண்டனை வாங்க முடியாது. ஆனால் உடனே பாட்டிலில் நீரைப் பிடித்து வைத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் சொல்ல ஒரு நேரக்குறிப்பு கையில் இருக்கும். கம்பியின் ஓட்டத்தை அளக்கும் கருவியை இயக்க அந்தச் சிறு மின்சாரம் போதும்.

ஆலை அதிபர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். இரும்பாலைக் கழிவையும் ரசாயனக் கழிவையும் நாணலிடம் தள்ளிவிட்டுக் கைகழுவ நினைக்காதீர்கள். உலோகம் அழியாது, சேற்றிலும் வேரிலும்தான் தங்கும். அந்தப் புல்லை மாட்டுக்குப் போட்டால் அது பாலில் வந்து சேரலாம். உப்பும் இதில் போகாது. உங்கள் கழிவை உங்கள் வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பது உங்கள் கடமை. ஆரணியாறு போய்ச் சேரும் பழவேற்காட்டில் இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

இந்தப் படுகைக்கு ஏற்றது மனிதக் கழிவுநீர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் உலைகளில் வேகும் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளில் குளியலறை நீரும் கழிப்பறை நீரும் எங்கே போகின்றன? வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் கட்டினால், காற்றடிக்கும் பம்புகளே மின்செலவில் ஏறத்தாழ பாதியைத் தின்றுவிடும். கட்டணம் கட்டமுடியாமல் நிறுத்திவைப்பார்கள். படுகைக்கு அந்தச் செலவு இல்லை. நீர் சரளைக்குள்ளேயே ஓடுவதால் கொசுவுக்கும் இடமில்லை. நம் வெயிலில் ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர் என்று வைத்தால், நூறு பேர் விடுதிக்கு ஐந்து சென்ட். முன்னால் ஒரு கசடுத் தொட்டி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் சரளை அடைத்துக்கொள்ளும். படுகைக்காக ஊர் ஏரிக்குள்ளே தோண்டக்கூடாது, கரைக்கு வெளியேதான் அமைக்கவேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை வருகிறது. அதில் நான் முன்மொழியப்போகும் தீர்மானம் இது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊராட்சிகளில் ஒரு தொழிலாளர் விடுதியைத் தேர்ந்தெடுத்து, ஐந்து சென்ட் நிலம் ஒதுக்கி, படுகை அமைக்கவேண்டும். செலவை ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி ஏற்கவேண்டும். கம்பியில் வரும் அளவை ஊராட்சி அலுவலக வாசலில் தினமும் எழுதிப் போடவேண்டும். வழிமொழிய விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். அந்த விடுதித் தோழர்களையும் கிராம சபைக்குக் கூட்டி வாருங்கள்.