சிசுவின் குடலும் நரம்பும்

கையை அசைக்க நாம் எண்ணினால் மூளை ஆணையிடுகிறது, கை அசைகிறது. உண்ட சோற்றைக் குடலில் நகர்த்த நாம் ஆணையிடுவதில்லை. குடற்சுவரிலேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் வலைபோற் பின்னிக் கிடந்து, உணவுக்குப் பின்னுள்ள தசையைச் சுருக்கியும் முன்னுள்ளதைத் தளர்த்தியும் அதனைத் தள்ளுகின்றன. வெளியினின்று வரும் நரம்புகளை அறுத்த பின்பும் இவ்வியக்கம் நடைபெறுவதை, பெய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1899இல் காட்டினர்.

வியப்பென்னவெனில், இவ்வணுக்கள் குடலில் பிறந்தவையல்ல. கருவின் 4ஆம் வாரத்தில், பின்மூளையை அடுத்த பகுதியினின்று இவற்றின் மூல அணுக்கள் புறப்படுகின்றன. மேலிருந்து கீழாகக் குடல் நெடுக ஊர்ந்து, ஏறக்குறைய 7ஆம் வாரத்தில் அதன் கடைக்கோடியை அடைகின்றன. சென்னையில் ரயிலேறி ஹௌராவில் இறங்கிய நமக்கு நெடும்பயணம் புதிதன்று!

வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. வலை பின்னித் தசையோடு இணையவேண்டும். உறிஞ்சலும் விழுங்கலும் மூச்சும் தம்முள் இசைவதற்கோ கருப்பக்காலத்தில் ஏறக்குறைய 34 வாரம் ஆகிறது. குறைமாதக் குழந்தைக்குக் குழாய் வழியே சிறிது சிறிதாகப் பாலூட்டுவது இதனாலேயே, தாயின் குறையன்று. பிறந்த பின்னரும் குடல் நரம்புகள் முதிர்ந்துகொண்டே இருக்கின்றன.

ஏறக்குறைய 5,000 குழந்தைகளுள் ஒன்றுக்கு அப்பயணம் இடையிலே நின்றுவிடுகிறது. நரம்பு எட்டாத கடைப்பகுதித் தசை தளர அறியாது இறுகிக் கிடக்கும். அதற்கு மேலுள்ள குடல் பருக்கும். கோபன்ஹேகன் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886இல் இத்தகைய இரு குழந்தைகளைப் பற்றி விவரித்தார். பருத்த பகுதியே நோயுற்றதென நெடுங்காலம் எண்ணினர். குற்றமோ, பார்வைக்குச் செம்மையாய்த் தோன்றிய கீழ்ப்பகுதியில் இருந்தது.

நான் குடியிருக்கும் ஜாதவ்பூரில், நம்மவர் இல்லத்தில் குழந்தை பிறந்தால் ஊரிலிருந்து பாட்டியும் வருவார், விளக்கெண்ணெய்ப் புட்டியும் வரும். நிறைமாதச் சிசு பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் கரும்பச்சை நிறமான முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரம் கடந்தும் கழிக்கவில்லையெனினும், வயிறு உப்பிப் பச்சையாக வாந்தியெடுத்தாலும், புட்டியைத் திறவாது உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இல்லாத நரம்பை எண்ணெய் உண்டாக்காது. தாமதித்தாலோ, குடலில் அழற்சி கண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

மருத்துவர் மலக்குடலினின்று மிகச் சிறு துணுக்கை எடுத்து, நரம்பணு உண்டா என உருப்பெருக்கியில் நோக்குவர். இல்லையெனில் அறுவை சிகிச்சை உண்டு. நரம்பற்ற பகுதியை நீக்கி, நலமான குடலைக் கீழிறக்கி இணைக்கும் முறையை அமெரிக்காவில் ஸ்வென்சன் 1948இல் வெளியிட்டார். அம்முறையும் அதன் வழிவந்தவையும் இன்று பச்சிளங்குழந்தைகளுக்கும் செய்யப்படுகின்றன.