இன்றைக்கு என்ன கறி?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஓடை அடைப்பு, தெருவிளக்கு, நாய்த் தொல்லை எல்லாம் பேசி முடித்துவிட்டு, பசிக்கிற நேரம் பார்த்துச் சமையலைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். முப்பது வருஷம் மனையியல் பாடம் நடத்தியவள் நான். மணி அடித்தால் நிறுத்திவிடுவேன், பயப்பட வேண்டாம்.

முதலில் அண்ணாச்சிமாரிடம் ஒரு கேள்வி. மனதுக்குள் பதில் சொன்னால் போதும். உங்கள் வீட்டில் துவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது? வத்தலும் மல்லியும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? நாளை மத்தியானம் என்ன தொடுகறி?

சிரிக்கிறீர்கள். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. நம் தெருக்களில் நிறைய வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். இங்கே இருப்பது இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைக்குள்தான் மொத்த அடுக்களையும் இருக்கிறது. அவருக்கு முழங்கால் ஆபரேஷன் என்றாலோ, மகள் பிரசவத்துக்கு இரண்டு மாதம் போனாலோ, மற்றவருக்கு அன்றிலிருந்து கடைப் பரோட்டாவும் டீயும் பன்னும்தான். அவரோ சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். அக்கம்பக்கத்தில் நாம் தூக்குவாளியில் கொடுத்தனுப்புகிறோம், சரி. எத்தனை நாளைக்கு? இரண்டு பேரும் சுகமாக இருக்கிற வீட்டிலும், “ரெண்டு பேருக்கு எதுக்கு அரைச்சுப் பொரிச்சு” என்று மோரும் ஊறுகாயுமாக வாரம் ஓடிவிடுகிறது.

வாரத் திட்டம் என்று நான் சொல்வது ஒரு தாள்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். சேர்ந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். சமைக்கிறவர் தனியாக எழுதினால் அவருக்கு அது இன்னொரு வேலை, அவ்வளவுதான். எழுதிய தாளை அடுக்களையில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். கறியின் பெயரோடு நிறுத்தாமல், “அரிசி, நீல மூடி டப்பா, ஒன்றரை டம்ளர்” என்று இடமும் அளவும் எழுதுங்கள். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துச் சமைக்க முடிய வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இது நடக்கிறதே. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை பட்டியல் போட்டார்கள். திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று போகும். சமைக்கிறவர் ஒருநாள் லீவு என்றாலும் அடுத்தவர் வந்து யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

நம்ம ஊர்ச் சமையலுக்குத் திட்டம் போடுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது தேங்காய். நாஞ்சில் நாட்டு அடுக்களையில் வேலை என்றால் பாதி அரைப்புதான். அந்த அரைப்பை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். பச்சைத் தேங்காயோடு ஜீரகமும் பச்சை மிளகாயும் வைத்து அரைப்பது அவியலுக்கும் துவரனுக்கும் புளிசேரிக்கும். தேங்காயோடு வத்தலும் மல்லியும் மஞ்சளும் சேர்த்து மையாக அரைப்பது மீன் குழம்புக்கு. மூன்றாவது, வறுத்து அரைப்பது. அது தீயலுக்கு. முதல் இரண்டையும் அன்றன்று அரைக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் பச்சைத் தேங்காய் அரைப்பு சாயங்காலமே சளித்துவிடும். வறுத்தது அப்படியில்லை. ஈரம் போய்விடுவதால் தாங்கும்.

அதனால் திட்டத்துக்குத் தூண் தீயல்தான் என்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு தேங்காயைத் துருவி, இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வையுங்கள். கொஞ்சம் நல்லமிளகும் கறிவேப்பிலையும் போட்டு, கை எடுக்காமல் கிளறுங்கள். இருபது நிமிஷமாவது ஆகும், அவசரப்பட்டால் கரிந்து கசக்கும். காப்பித்தூள் நிறத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, மல்லித்தூளையும் வத்தல் தூளையும் அந்தச் சூட்டிலேயே போட்டுப் புரட்ட வேண்டும். ஆறிய பிறகு தண்ணீர் தொடாமல் அரைத்தால் எண்ணெய் கக்கிக்கொண்டு வரும். ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் கவலை இல்லை. இரண்டு பேருக்கு இரண்டு தீயல் வரும். செவ்வாய்க்கிழமை உள்ளித்தீயல், வெள்ளிக்கிழமை பாவைக்காயோ வழுதலங்காயோ. புளியைக் கரைத்து, காயை வதக்கி, குப்பியிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துப் போட்டால் கால் மணி நேரத்தில் குழம்பு ரெடி. சமைத்துப் பழக்கமில்லாதவர்கூடச் செய்துவிடலாம். பாக்கெட் மசாலா வாங்குவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் குப்பி வீட்டில் இருந்தால் பாக்கெட்டைத் தேட மாட்டீர்கள்.

அடுத்து காய்கறி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் உணவு வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்பது அதில் உள்ள கணக்கு. இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்குப் பெருக்கினால் 5 கிலோ 600 கிராம். வடசேரி சந்தையிலிருந்து நீங்கள் கொண்டுவருகிற பையை ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள். உருளைக்கிழங்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இவ்வளவு வாங்கினால் அழுகிப் போகுமே என்பீர்கள். வரிசை தெரிந்தால் போகாது. கீரையும் வெண்டைக்காயும் முதல் இரண்டு நாளில் முடிய வேண்டும். புடலங்காயும் சீனியவரைக்காயும் நடுவாரத்துக்கு. சேனையும் முழுத் தடியங்காயும் பூசணியும் காத்திருக்கும். சனிக்கிழமை, இதில் ஒரு துண்டு, அதில் ஒரு துண்டு என்று மிஞ்சியதெல்லாம் அவியலுக்கு. அவியலைக் கல்யாண வீட்டுக் கறியாகவே நினைத்துவிட்டோம். வாரக் கடைசியில் காய்கறிக் கூடையைக் காலி பண்ண அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மீனுக்கு மட்டும் தாளில் “மீன்” என்று எழுதினால் போதும். சாளையா, அயிலையா, நெத்திலியா என்பதைக் கடல் முடிவு செய்யும். இன்னது வேண்டும் என்று அடம்பிடித்தால் காசும் கூட, மீனும் பழசு. தடைக்காலத்தை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுதான் போகாது, வள்ளமும் கட்டுமரமும் போகும். ஆனாலும் வரத்து குறைந்து விலை ஏறும். அந்த மாதங்களில் மீன் என்று எழுதுகிற இடத்தில் பக்கத்திலேயே முட்டை, பயறு என்று மாற்றும் எழுதிவிட வேண்டும். கருவாடு எழுதலாம், ஆனால் பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆகாது.

மரச்சீனிக் கிழங்கு வைக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தோண்டி இரண்டு மூன்று நாளில் கிழங்குக்குள் கறுத்துவிடும், அதனால் அன்றைக்கு வாங்கி அன்றைக்கே வேக வையுங்கள். தண்ணீர் நிறைய வைத்து, மூடாமல் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேக வைக்க வேண்டும். பழைய ஆட்கள் செய்ததற்குக் காரணம் உண்டு. கிழங்கில் இருக்கிற சயனைடு சம்பந்தப்பட்ட நஞ்சு அதில்தான் குறைகிறது. இதையும் தாளில் எழுதுங்கள். தெரியாதவர் குக்கரில் போட்டு மூடிவிடுவார்.

வாரத்தில் ஒரு ராத்திரி கஞ்சியும் பயறும் என்று கண்டிப்பாக எழுதுங்கள். சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, ஒரு தேங்காய்த் துவையல், சுட்ட பப்படம். இதைவிட லேசான சாப்பாடு கிடையாது. அன்றைக்கு, வழக்கமாகச் சமைக்கிறவர் அடுக்களைக்குள் போகக் கூடாது. மற்றவர் வைக்க வேண்டும். பயறு அடிப்பிடிக்கும், உப்பு அயத்துப்போகும். ஒரு மாதத்தில் சரியாகிவிடும். சுகமாக இருக்கும்போதே இதைப் பழகிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு பழக நேரம் இருக்காது.

போன வாரம் ஒரு அண்ணாச்சி, “சமையலுக்கு ஆள் வைத்துவிட்டால் போச்சு” என்றார். வையுங்கள், நல்லதுதான். ஆனால் அவர் முதல் நாள் வந்து “என்ன வைக்கணும், எது எங்கே இருக்கு” என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டுமே. அப்போதும் அந்தத் தாள் வேண்டும்.

மாதிரித் தாள் ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சங்க அலுவலகத்தில் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர்களுக்கு அளவைப் பாதியாக்கி இன்னொன்றும் இருக்கிறது. விரதம் இருக்கிறவர்களும் வெள்ளி, செவ்வாய் மீன் தொடாதவர்களும் நாளை மாற்றி எழுதிக்கொள்ளலாம். நிரப்பத் தெரியவில்லை என்றால் சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் என் வீட்டுக்கு வாருங்கள். இரண்டு பேராக வாருங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.