இரும்புக்கை மாயாவியும் எம் சிறாரும்



பிள்ளைகள் எதைப் படிக்கின்றார்கள் என்று பெற்றோர் கவலையுறுவது எக்காலத்தும் உள்ள வழக்கம். ஒரு காலத்திலே சித்திரக் கதைப் புத்தகம் ஒன்றைப் பிள்ளையின் கையிற் கண்டாலே படிப்புக் கெட்டுவிட்டது என்று எண்ணினோம். இன்றோ, கைத்தொலைபேசியைச் சற்றே வைத்துவிட்டு எதையேனும் படிக்கமாட்டானா என்று ஏங்குகின்றோம். இம்மாற்றத்தை மனத்திற் கொண்டு, எங்கள் கரையோர ஊர்களிலே ஒரு தலைமுறையைப் படிக்கத் தூண்டிய பிறநாட்டு விஞ்ஞானச் சித்திரக் கதைகளைப் பற்றி இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகின்றேன்.

1962 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 6 ஆம் திகதியிட்டு, இங்கிலாந்திலே ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழின் முதலாவது பிரதி வெளிவந்தது. அவ்விதழிலே தொடங்கிய கதைகளுள் ஒன்று ‘தி ஸ்டீல் க்ளா’ என்பது. தொடக்கத்தில் இதனை எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஓவியரான ஹேசுஸ் பிளாஸ்கோ. கதையின் நாயகன் லூயி கிராண்டேல் ஓர் ஆய்வுகூட உதவியாளன். வலக்கையை இழந்து, அதற்குப் பதிலாக உருக்கினாற் செய்த கையைப் பொருத்திக்கொண்டவன். ஒருநாள் ஆய்வுகூடத்தில் நேர்ந்த விபத்திலே பெருமின்சாரம் அவனுடலிற் பாய்கின்றது. உடனே அவனுடல் கண்ணுக்குத் தெரியாது மறைந்துவிட, அந்த உருக்குக் கை மாத்திரம் அந்தரத்தில் நின்று தோன்றுகின்றது. முதலில் தீய வழியிற் சென்ற அவன், பின்னர் திருந்தி, அரசாங்கத்தின் இரகசியப் பணியிலே சேர்கின்றான்.

இத்தகைய வேறு நாயகரும் அந்நாட்டு இதழ்களிலே தோன்றினர். 1952 ஆம் ஆண்டு ‘லயன்’ என்னும் வார இதழிலே ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதன் தோன்றினான். 1965 ஆம் ஆண்டு அதே இதழிலே ஸ்பைடர் என்னும் குற்றச் சக்கரவர்த்தி தோன்றினான். அமெரிக்காவின் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெரி சீகல், ஸ்பைடரின் கதைகள் பலவற்றை எழுதினார் என்பது பலரும் அறியாத செய்தி.

இனி, வியப்புக்குரிய ஒன்றைக் கூறுவேன். 1976 ஆம் ஆண்டிலே ‘வேலியண்ட்’ இதழ் வேறோர் இதழுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. பிறந்த நாட்டிலே கிராண்டேலைப் பொதுமக்கள் மெல்ல மெல்ல மறந்தனர்; பழைய இதழ்களைச் சேர்ப்போரே நினைவில் வைத்திருந்தனர். ஆனால், 1972 ஆம் ஆண்டிலே சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’ தன் முதலாவது வெளியீடாக இக்கதையையே தமிழிற் கொண்டுவந்தது. ‘இரும்புக்கை மாயாவி’ என்பது அதற்கு இடப்பட்ட பெயர். 1984 ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘லயன் காமிக்ஸ்’ வழியாக ஆர்ச்சியும் ஸ்பைடரும் தமிழ்ச் சிறாரிடையே புகழ் பெற்றனர். பிறந்த ஊரிலே மறக்கப்பட்டவன் புகுந்த ஊரிலே வாழ்ந்தான்.

இதற்குக் காரணம் யாது? பெயரே முதற் காரணம் என்பது என் கருத்து. ‘உருக்கு நகம்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தால் எவர் மனத்திலும் அது ஒட்டியிராது. ‘மாயாவி’ என்னும் சொல்லோ நம் பாட்டிமார் கூறிய கதைகளிலே நாம் முன்னரே அறிந்த சொல். பழைய மாயாவி மந்திரத்தால் மறைந்தான். இவன் மின்சாரத்தால் மறைந்தான். தெரிந்த சொல்லின் துணையோடு தெரியாத உலகத்துக்குட் பிள்ளையை அழைத்துச் செல்வதே நல்ல மொழிபெயர்ப்பு. நல்ல ஆசிரியர் செய்வதும் அதுவன்றோ?

எழுபதுகளின் முற்பகுதியிலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி நம் நாட்டிலே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரக் கதவுகள் திறந்தபோது அவை மீண்டும் தாராளமாக வந்தன. எண்பதுகளிலே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களிலே இப்புத்தகங்கள் கைமாறிக் கைமாறிச் சென்றதை யானும் கண்டவன், படித்தவருள் ஒருவன். அட்டை கிழிந்து, முதற்பக்கமும் முடிவுப்பக்கமும் இல்லாத புத்தகத்தையும் விடாது படித்தோம். முடிவை நாமே கற்பனை செய்தோம்.

இவற்றில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. அக்காலத்து ஆங்கில வீரக் கதைகள் பலவற்றிலே ஆபிரிக்க, ஆசிய மக்கள் அறிவற்றோராகவும் வெள்ளையர் அவர்களைக் காப்போராகவும் சித்திரிக்கப்பட்டனர். அதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுதல் ஆசிரியர் கடமை. மின்சாரம் பாய்ந்தால் ஆற்றல் பிறக்கும் என்பதும் கதையில் மாத்திரமே நடக்கும். நம் வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ற் மின்சாரம் எவரையும் மாயாவி ஆக்காது, உயிரையே மாய்த்துவிடும். இதனையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எனினும், பிழையான விஞ்ஞானமும் வகுப்பறையிலே நல்ல விஞ்ஞானப் பாடமாகக் கூடும். மாணவரிடம் ஒரு வினா எழுப்பிப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்குக் கண் தெரியுமா? ஒளி விழித்திரையிலே பட்டு, அங்கே உறிஞ்சப்பட்டாலன்றிப் பார்வை இல்லை. உடல் முழுவதையும் ஒளி தடையின்றி ஊடுருவிச் செல்லுமாயின், விழித்திரையும் ஒளியைப் பிடித்துவைக்க இயலாது. ஆகவே, முற்றாக மறைந்த மாயாவி முற்றாகக் குருடனாவான்! எச். ஜி. வெல்ஸ் 1897 ஆம் ஆண்டிலே வெளியிட்ட கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றிய நாவலிலே, நாயகனின் விழித்திரைக்குப் பின்னால் மங்கலான நிறச்சுவடு எஞ்சியிருந்ததாக எழுதினார். நல்ல எழுத்தாளர் தம் கற்பனைக்கும் ஒரு நியாயம் தேடுகின்றார். இந்த வினாவைக் கேட்ட மாணவன், ஒளியைப் பற்றிய பாடத்தை எளிதில் மறக்கமாட்டான்.

நேயர்களே, இந்தச் சிந்தனை என்னை நம் கடற்கரைக்குக் கொண்டுவருகின்றது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26 ஆம் திகதி காலை ஏறத்தாழ ஏழு மணிக்குச் சுமாத்திராவின் அருகே கடலடியிலே நிலம் நடுங்கியது. அலை எங்கள் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்குப் பயன்படவில்லை; கடல் எவ்வாறு வரும் என்று சொல்வாருமில்லை, அறிந்தாருமில்லை. கல்முனைப் பிரதேசம் இழந்த உயிர்களை இங்கு எண்ணிக் கூற என் நா எழவில்லை. அதே நாளிலே தாய்லாந்தின் புக்கெற் கடற்கரையிலே, பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, இரு வாரங்களுக்கு முன் பாடசாலையிற் படித்த புவியியற் பாடத்தை நினைவுகூர்ந்து, கடலின் மாற்றத்தைக் கண்டு எச்சரித்தாள். அக்கரையிலிருந்தோர் பலர் உயிர் தப்பினர்.

தாய்லாந்திலே கடல் முதலில் உள்வாங்கிற்று. எங்கள் கீழைக்கரையிலோ அலையின் எழுச்சியே முதலில் வந்தது. இந்த வேறுபாட்டை எங்கள் பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும். கடல் உள்வாங்கும்வரை காத்திருப்பவன் இங்கே தப்பமாட்டான். இத்தகைய அறிவைப் பாடநூலின் ஒரு பந்தி தருவதிலும், கல்முனைக் கரையிலே நடக்கும் ஒரு சித்திரக் கதை உறுதியாகத் தரும். இரும்புக் கையை நாற்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கும் மனம், உயிர் காக்கும் ஒரு செய்தியையும் அவ்வாறே வைத்திருக்கும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது, பழையனவற்றைக் காப்போம். இப்புத்தகங்களைப் பாடசாலை நூலகங்கள் பெரும்பாலும் வாங்கவில்லை. வீடுகளிலே இருந்தவற்றுட் பல கடலைச் சுருளாயின. பல கடலோடு போயின. இங்கிலாந்திலே 2005 ஆம் ஆண்டிலும் 2021 ஆம் ஆண்டிலும் கிராண்டேலின் பழைய கதைகள் தொகுதிகளாக மீண்டும் அச்சேறின. சிவகாசியிலும் மறுபதிப்புக்கள் வருகின்றன. உங்கள் வீட்டுப் பரணிலே பழைய பிரதி ஒன்று கிடந்தால், அதனைப் பழைய கடதாசியாக நிறுத்து விற்றுவிடாதீர்கள். அயலிலுள்ள நூலகத்துக்கு வழங்குங்கள்.

இரண்டாவது, புதியனவற்றைப் படைப்போம். சித்திரம் வரையும் மாணவன் எந்தப் பாடசாலையிலும் இருக்கின்றான். விஞ்ஞான ஆசிரியர் கருத்தைத் தரட்டும், தமிழாசிரியர் நடையைத் திருத்தட்டும், மாணவர் வரையட்டும். மருதமுனைத் தறியும், எங்கள் களப்பும், வயலிலிறங்கும் யானையும் அக்கதைகளிலே இடம்பெறட்டும். பிறநாட்டு மாயாவி எங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தான். அந்த நன்றி அவனுக்கு உரியது. எங்கள் கரையைப் பற்றி எழுதும் கடமையோ எங்களுக்கே உரியது.