யாரும் கேட்பதற்கு முன்பே

(இணையவழி இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே அயர்லாந்தில் மதியம் இரண்டு மணி. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்திருப்பீர்கள். டொராண்டோக்காரர்கள் இப்போதுதான் காபியோடு உட்கார்ந்திருப்பீர்கள். நான் நைட் டியூட்டி முடித்து வந்து மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறேன். எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவிலியர் கதைகளைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். நான்தான் தலைப்பை மாற்றிக்கொண்டேன். காரணம், என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண். அவள் திபெத்தியப் பெண். பிறந்து வளர்ந்தது கர்நாடகத்தில், பைலகுப்பே அகதிக் குடியிருப்பில். மைசூரு வழியாகப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு விடுமுறை நாளில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது என் மகன் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படம் போட்டான். அதில் நாயகனுக்கு மந்திர வித்தை கற்றுக்கொடுக்கும் ஒரு குரு வருவார். மொட்டைத் தலை, மஞ்சள் அங்கி. நடித்திருப்பவர் டில்டா ஸ்விண்டன் என்ற பிரிட்டிஷ் நடிகை. அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அந்தக் கிழவர் எங்க ஊர்க்காரர்."

எனக்குப் புரியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன். 1963இல் அந்தப் படக்கதை வெளிவந்தபோது அந்தக் குரு ஒரு திபெத்தியக் கிழவர். 2016இல் படமாக வந்தபோது குரு கெல்டிக் இனப் பெண்ணாகிவிட்டார், இடம் நேபாளத்தின் காத்மாண்டு ஆகிவிட்டது. படத்தின் திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான ராபர்ட் கார்கில் அந்த ஆண்டே ஒரு பேட்டியில் காரணத்தைப் போட்டு உடைத்தார். திபெத் என்று ஓர் இடம் இருப்பதாகவும் இவர் திபெத்தியர் என்றும் சொன்னால் நூறு கோடிப் பேரைப் பகைத்துக்கொள்ள நேரிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். படத்தின் இயக்குநர் வேறு காரணம் சொன்னார்: வெள்ளைக்காரனுக்கு வித்தை கற்றுத்தரும் கிழட்டு ஆசிய குரு என்ற பழைய அச்சைத் தவிர்க்க நினைத்தோம் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு காரணத்தில் எது உண்மையாக இருந்தாலும், என் சோபாவில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முடிவு ஒன்றுதான்.

இதில் அவளுக்கு வலித்தது எதனால் என்றால், ஹாலிவுட் திபெத்தியர்களை அறியாததல்ல. 1997இல் மார்ட்டின் ஸ்கார்செஸி 'குந்துன்' எடுத்தார். தலாய் லாமாவின் இளமைக் கதை. திபெத்துக்குள் போக முடியாது என்பதால் மொராக்கோவில் எடுத்தார்கள். நடித்தவர்களில் பெரும்பாலோர் முன்பின் நடித்தறியாத திபெத்தியர்கள். அதே ஆண்டு பிராட் பிட் நடித்த 'செவன் இயர்ஸ் இன் திபெத்' வந்தது. அதில் தலாய் லாமாவின் தாயாக நடித்தவர் அவருடைய சொந்தத் தங்கை ஜெட்சுன் பெமா. பைலகுப்பேயில் இந்தப் படங்களைத் திருவிழாப் போலப் பார்த்தோம் என்றாள் அவள். அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? சீன அரசு கோபப்பட்டது. 'குந்துன்' படத்தின் டிஸ்னி, 'செவன் இயர்ஸ்' படத்தின் சோனி, அதே ஆண்டு சீன நீதிமன்றங்களை விமர்சித்து 'ரெட் கார்னர்' வெளியிட்ட எம்.ஜி.எம். ஆகிய மூன்று நிறுவனங்களோடும் கொஞ்ச காலம் தொழில் உறவை நிறுத்தியது. டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் 1998இல் பெய்ஜிங் போய், பிரதமர் சூ ரோங்ஜியைச் சந்தித்து, அந்தப் படம் எடுத்தது தவறு என்று சொல்லிவிட்டு வந்தார். 2009இல் மார்வெல் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியது. 2016 ஜூனில் ஷாங்காயில் டிஸ்னிலேண்ட் திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் திபெத்தியர் இல்லாத 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' வந்தது. தேதிகளை வரிசையாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். சேர்த்துப் பார்ப்பது உங்கள் விருப்பம்.

பணக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வசூலில் பங்கு தரும் ஏற்பாட்டில் சீனா அனுமதிக்கும் வெளிநாட்டுப் படங்களுக்கு எண்ணிக்கை உண்டு. 1994இல் ஆண்டுக்குப் பத்து, பிறகு இருபது. 2012 ஒப்பந்தத்தில் முப்பத்து நான்கு என்றார்கள். பட நிறுவனத்துக்கு வசூலில் 25 சதவீதம். அங்கே வயதுவாரிச் சான்றிதழ் கிடையாது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயதுத் தாத்தாவுக்கும் ஒரே படம், எனவே ஒரே கத்தரி. 2018 முதல் சினிமா நிர்வாகமே கட்சியின் பிரச்சாரத் துறைக்குக் கீழே போய்விட்டது. இவ்வளவு குறுகலான வாசலுக்கு ஏன் முட்டி மோதுகிறார்கள்? 'வார்கிராஃப்ட்' என்ற படம் 2016இல் அமெரிக்காவில் சுமார் 4.7 கோடி டாலர்தான் வசூலித்தது, சீனாவில் 20 கோடி டாலருக்கு மேல். இருபது கோடி டாலர் செலவில் படம் எடுப்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

நான் நர்ஸ். விபத்தில் அடிபட்டு ஒருவர் வந்தால், வெளியே ரத்தம் கொட்டுகிற காயத்தைப் பார்த்து நாங்கள் அவ்வளவு பயப்பட மாட்டோம். அழுத்திப் பிடிக்கலாம், தையல் போடலாம். காயமே தெரியாமல், ஆள் வெளிறிக்கொண்டே போய், பிரஷர் இறங்கினால்தான் பயம். உள்ளே கசிகிறது என்று அர்த்தம். தணிக்கையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

வெளியே தெரியும் வெட்டுகள் உண்டு. 'மிஷன் இம்பாசிபிள்' மூன்றாம் பாகத்தில் ஷாங்காய் வீடுகளில் துணி காயப்போட்டிருந்த காட்சியை வெட்டினார்கள். 'ஸ்கைஃபால்' படத்தில் சீனக் காவலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்படும் காட்சியை வெட்டினார்கள். 2019இல் 'போஹீமியன் ராப்சோடி' அங்கே வெளியானபோது பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் பாலியல் நாட்டத்தையும் எய்ட்ஸ் நோயையும் பற்றிய பகுதிகளை எடுத்துவிட்டார்கள். இதைப் படித்தபோது என் பயிற்சிக் காலம் ஞாபகம் வந்தது. அந்த நோயின் பெயரை வார்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம். சொந்தக்காரர்களே "டிபின்னு எழுதிடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சுவார்கள். பெயர் சொல்லப்படாமலே செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த வெட்டுகளில் ஒரு சௌகரியம் உண்டு. முழுப் படம் வேறெங்காவது இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்து, இது போயிற்று என்று சொல்லலாம். பெய்ஜிங்கிலிருந்து யாரும் கேட்பதற்கு முன்பே, கலிபோர்னியாவில் எழுதும் மேசையிலேயே கைவிடப்படுவதை எதோடு ஒப்பிடுவது?

மாக்ஸ் புரூக்ஸ் எழுதிய 'வேர்ல்ட் வார் இசட்' நாவலில் பிணங்களை எழுப்பும் கொள்ளைநோய் சீனாவில் தொடங்குகிறது. சார்ஸ் நோயைச் சீன அரசு மறைத்ததைப் பார்த்துத்தான் அப்படி எழுதினேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். நோயை மறைக்கிற அரசு நோயைப் பரப்புகிறது என்பதுதான் நாவலின் அடிப்படை. 2013இல் படமாக வந்தபோது சீனா காணாமல் போனது. நாயகன் விசாரிக்கப் போவது தென்கொரியாவுக்கு. ஒரு நர்ஸாக எனக்கு இது சின்ன மாற்றமாகத் தெரியவில்லை. நோயாளியை வைத்துக்கொண்டு கேஸ் ஹிஸ்டரியைக் கிழித்துப் போட்ட மாதிரி. இத்தனைக்குப் பிறகும் படம் சீனாவில் வெளியாகவில்லை.

'ரெட் டான்' கதை இன்னும் விசித்திரம். அமெரிக்காவைச் சீனா பிடிப்பதாகப் படம் எடுத்தே முடித்துவிட்டார்கள். பிறகு பயம் வந்து, கணினியில் கொடிகளையும் சின்னங்களையும் மாற்றி, வசனத்தைத் திருத்தி, படையெடுத்தவர்களை வடகொரியர்கள் ஆக்கி 2012இல் வெளியிட்டார்கள்.

இங்கே யாராவது கேட்கலாம்: ஹாலிவுட் சீனர்களைக் காலங்காலமாக வில்லனாகக் காட்டியதே, இப்போது நிறுத்தினால் நல்லதுதானே? நல்லதுதான். நான் அதை யோசித்தேன். ஆனால் மரியாதையால் நிறுத்தவில்லையே. மரியாதை என்றால் வடகொரியனுக்கும் கிடைத்திருக்க வேண்டும். வடகொரியாவில் விற்க டிக்கெட் இல்லை, ஆகவே அவன் வில்லன். திபெத்தியனுக்கு நாடே இல்லை, ஆகவே அவன் இல்லவே இல்லை. இதை நான் என் தோழியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "எங்களை வில்லனாகக்கூடப் போட மாட்டாங்க அக்கா" என்றாள்.

நடிகர்களுக்கும் இதே விதிதான். ரிச்சர்ட் கியர் 1993 ஆஸ்கர் மேடையில் திபெத்துக்காகப் பேசினார். இருபத்து நான்கு ஆண்டு கழித்து ஒரு பேட்டியில், சீனர்கள் 'அவரோடு வேண்டாம்' என்று சொல்வார்கள் என்பதால் தன்னைப் போட முடியாத படங்கள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுபக்கம், 'அயர்ன் மேன்' மூன்றாம் பாகத்தின் சீனப் பதிப்பில் மட்டும் நடிகை ஃபான் பிங்பிங் சில நிமிடம் வந்து போவார். கதைக்கு அவர் தேவையே இல்லை. சீன ரசிகர்களே அதைக் கேலி செய்தார்கள். ஒருவரை நீக்குவதும் ஒருவரைச் செருகுவதும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான்.

இது சீனாவோடு பிறந்த வழக்கம் அல்ல. 1930 டிசம்பரில் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' படம் பெர்லினில் ஓடியபோது நாஜிகள் அரங்குக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டுக் கலாட்டா செய்தார்கள். படம் தடைசெய்யப்பட்டது. மறுபடி அனுமதி வாங்க யூனிவர்சல் நிறுவனம் வெட்டுகளுக்குச் சம்மதித்தது. வெட்டிய பதிப்பையே மற்ற நாடுகளிலும் காட்டுவதாகவும் ஒப்புக்கொண்டது. கவனியுங்கள், அப்போது ஹிட்லர் ஆட்சிக்கே வரவில்லை.

ஆக, பயந்துதான் ஆக வேண்டுமா? 'டாப் கன்: மேவரிக்' இருக்கிறது. 2019 முன்னோட்டத்தில் நாயகனின் ஜாக்கெட்டில் பழைய படத்தில் இருந்த தைவான் கொடி காணவில்லை. சீனாவின் டென்சென்ட் நிறுவனம் அதில் முதலீடு செய்திருந்தது, பிறகு விலகிக்கொண்டது. 2022இல் படம் வந்தபோது கொடி திரும்பியிருந்தது. சீனாவில் வெளியாகாமலே சுமார் 149 கோடி டாலர் வசூல். கொடி திரும்பியது வீரத்தாலா, சந்தை மூடிவிட்டதாலா என்று கேட்டால், இரண்டாவதுதான் பெரும்பங்கு என்பேன். ஆனாலும் கொடியோடு படம் பிழைத்தது.

இப்போது என் கதையைச் சொல்லி முடிக்கிறேன். டிப்ளமோ முடித்துச் சில வருடம் ஊரில் வேலை பார்த்துவிட்டு, ஒரு வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனேன். உறுதிப்பூசுதல் அன்று அம்மா போட்டுவிட்ட சங்கிலி, அதில் சிறு சிலுவை டாலர். கிளம்பும் நாள் காலையில் நானே கழற்றி அம்மா கையில் கொடுத்தேன். ஏஜென்சியில் யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் யாரும் கேட்கவில்லை. 'எதுக்கு வம்பு' என்று நானே முடிவு செய்தேன். அங்கே போய் ஆறு மாதம் கழித்து, ஒரு கேரளத்து அக்கா யூனிபார்முக்குள் தன் சங்கிலியைப் போட்டிருந்ததைப் பார்த்தேன். "யாரும் ஒண்ணும் சொல்லலியா?" என்றேன். "யாரு கேட்டா?" என்றாள். ஒருவேளை எனக்குப் பிரச்சினை வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அது எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. நான் கேட்டே பார்க்கவில்லையே.

அதனால் ஹாலிவுட்காரர்களைக் கோழைகள் என்று திட்ட என் வாய் வரவில்லை. அவர்களுக்குச் சில கோடி டாலர், எனக்கு மாதச் சம்பளமும் தங்கை கல்யாணமும். ஆனால் ஒன்று சொல்லலாம். நான் கழற்றியதால் வேறு யாருடைய கழுத்தும் வெறுமையாகவில்லை. அவர்கள் கழற்றியது தங்கள் கழுத்திலிருந்து அல்ல, பைலகுப்பேப் பிள்ளை ஒருத்தியின் கழுத்திலிருந்து.

எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இந்த அழைப்பில் இருக்கிறீர்கள். எல்லோரும் ஏதோ ஒரு நாட்டின் விசாவில் வாழ்கிறோம், ஏதோ ஒரு நாட்டில் நமக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். கதையில் ஒரு பெயரை எடுக்கும்போது, ஒரு ஊரை மாற்றும்போது, யார் எடுக்கச் சொன்னார்கள் என்று ஒரு நிமிடம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால், எதை எடுத்தோம் என்று ஒரு நோட்டிலாவது எழுதி வைக்கலாம். எழுதாதது நடக்காதது என்று எங்கள் தொழிலில் சொல்வோம்.

அந்த வளைகுடா நாட்டின் பெயரை நான் இந்த உரையில் சொல்லவில்லை. கவனித்திருப்பீர்கள். என் சித்தி மகள் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள். சொல்லாதே என்று அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.